ஒரு ஊசி போதுமா, டாக்டர்?

அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 28 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

முதல் பிரசவம் இரண்டேகால் ஆண்டுக்கு முன்பு, ஒரு தனியார் மருத்துவமனையில். பனிக்குடம் உடைந்து ராத்திரி முழுக்கக் காத்திருந்தும் வலி வரவில்லை. மறுநாள் மதியம் சிசேரியன். அதன்பின் 5 நாள் காலையும் மாலையும் மூன்று வகை ஆன்டிபயாடிக் ஊசி, வீட்டுக்கு வரும்போது இன்னும் 5 நாளுக்கு மாத்திரை. அப்படியும் எட்டாம் நாள் தையல் ஓரத்தில் நீர் கசிந்து, கட்டு மாற்றி மாற்றித்தான் ஆறியிருக்கிறது. ஊசி மருந்து பாலில் இறங்கும் என்று மாமியார் பயந்ததால் பிள்ளைக்கு முதல் வாரம் முழுக்கப் புட்டிப்பால்.

போன வருஷம் இவருடைய மைனிக்கு (அண்ணிக்கு) ஓர் அரசு மருத்துவமனையில் சிசேரியன் ஆனது. தியேட்டருக்குள் கொண்டுபோனதும் ஒரே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி. அதோடு சரி. "துட்டு குடுக்காத இடம்லா, ஒரு ஊசியோட விட்டுட்டாவ" என்று வீட்டில் பேச்சு. ஆனால் மைனியின் தையல் சுத்தமாக ஆறிவிட்டது.

இப்போது வாசகிக்கு இரண்டாவது கர்ப்பம், 30 வாரம். சிறுநீர் கல்ச்சரில் இ.கோலை கிருமி வளர்ந்திருக்கிறது, அதிலும் இ.எஸ்.பி.எல். என்னும், பல மருந்துகளுக்கு அடங்காத வகை. செஃப்ட்ரியாக்சோன், செஃபிக்ஸிம், சிப்ரோஃப்ளாக்சசின் எதற்கும் அது மசியாது என்று ரிப்போர்ட். மருத்துவர் நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை 7 நாளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். போனில் தேடிப் படித்த வாசகி, முதல் பிரசவத்தில் போட்ட ஊசிகளால்தான் இந்தக் கிருமி வந்தது, தன் உடம்புக்கு ஆன்டிபயாடிக் பழகிப்போய்விட்டது என்று முடிவுக்கு வந்து, இனி பிரசவம் முடியும்வரை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடுவதில்லை என்றிருக்கிறார். அவர் கேட்பவை: ஒரு ஊசி போதுமா? வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? பழைய மருத்துவமனை மேல் வழக்குப் போடலாம் என்கிறாரே என் கணவர்? கடைசியாக, மைனி வெள்ளைப்படுதலுக்கு மருந்துக்கடையில் வாங்கும் 'கிட்' பற்றி ஒரு கேள்வி.

முதலில் பீரோவில் இருக்கும் மாத்திரை

அம்மா, கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் மாத்திரையைப் பீரோவில் வைத்துவிட்டேன்." மற்ற எல்லாவற்றையும் ஆற அமரப் பேசலாம், இதை மட்டும் தள்ளிப்போட முடியாது. இந்தப் பதில் அச்சேறும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் ஆசிரியர் குழு வழியாக உங்களுக்கு முன்பே தகவல் சொல்லிவிட்டோம். காரணத்தை மற்ற வாசகிகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்குச் சிறுநீரில் கிருமி இருந்து, தொந்தரவு எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் நாங்கள் மருந்தே கொடுப்பதில்லை. கர்ப்பத்தில் கணக்கு மாறுகிறது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்கள் கர்ப்பகால ஹார்மோனால் தளர்ந்துவிடுகின்றன. வளரும் கர்ப்பப்பை அவற்றை அழுத்தவும் செய்கிறது. சிறுநீர் தேங்குகிறது, கிருமி மேலே ஏறுகிறது. இப்படி அறிகுறியில்லாமல் கிருமி இருப்பவர்களைச் சும்மா விட்டபோது நூற்றுக்கு இருபது, முப்பது பேருக்குச் சிறுநீரகத்தில் தொற்று ஏறியதாகப் பழைய ஆய்வுகள் காட்டின. அண்மை ஆய்வுகள் சிலவற்றில் இந்த எண்ணிக்கை குறைவு. ஆனாலும் அப்படி ஏறிவிட்டால் குளிர்க்காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, சில சமயம் ரத்தத்தில் கிருமி பரவுதல், குறைமாதப் பிரசவம் என்று வரிசையாக வரக்கூடும். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு மட்டும் அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை.

இன்னொன்றைக் கவனியுங்கள். நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் மட்டும் செறிந்து சேரும் மருந்து. கிருமி சிறுநீர்ப்பையில் இருக்கும்வரை அது வேலை செய்யும். சிறுநீரகத் திசுவுக்குள் ஏறிவிட்டால் அந்த மாத்திரையால் பயனில்லை. உங்கள் கிருமிக்கு செஃப்ட்ரியாக்சோனும் கேட்காது. அப்போது மிஞ்சுவது மெரோபெனம் மாதிரியான மருந்து, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, நரம்பு வழியாக, நாள்கணக்கில். அதாவது பெரிய ஊசிகளுக்குப் பயந்து இந்தச் சின்ன மாத்திரையை ஒதுக்கினால், நீங்கள் பயந்த பெரிய ஊசிகளிடமே போய்ச் சேருவீர்கள்.

30 வாரத்தில் இந்த மாத்திரையைத் தயங்காமல் எடுக்கலாம். சாப்பாட்டோடு போடுங்கள், குமட்டல் குறையும். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருப்பதாகச் சொல்லியிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். பிறக்கும் பிள்ளைக்கும் இப்படி ஆகிவிடக் கூடாது என்பதால் பிரசவ நாள் நெருங்கிய பிறகு இந்த மருந்தைத் தவிர்ப்போம். ஆகவே, எடுப்பதென்றால் இப்போதுதான் எடுக்க வேண்டும். 7 நாளும் முடித்து, ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து மறுபடி கல்ச்சர் கொடுங்கள். கழுவித் துடைத்துவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பாதி ரிப்போர்ட்டுகள் குழம்புவது சரியாகப் பிடிக்காததால்தான்.

இடையில் குளிரோடு காய்ச்சலோ விலா வலியோ வந்தால் மாத்திரை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழகியது உங்கள் உடம்பு இல்லை

"என் உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். என் அறையில் வாரத்துக்குப் பத்துப் பேராவது இதைச் சொல்கிறார்கள். மருந்துக்குத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்டது கிருமி. உங்கள் இ.கோலை ஒரு நொதியைச் சுரந்து செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகளை உடைத்துவிடுகிறது, இ.எஸ்.பி.எல். என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பது இதைத்தான். உங்கள் உடம்பு எப்போதும்போலவே இருக்கிறது. வேறு மருந்துக்கு அந்தக் கிருமி சாகும், ரிப்போர்ட்டிலேயே எதெதற்கு என்று எழுதியிருக்கிறது.

அந்தக் கிருமி முதல் பிரசவத்து ஊசியால்தான் வந்ததா? நிச்சயமாகச் சொல்ல முடியாது. தேவைக்கு மேல் போட்ட ஆன்டிபயாடிக், குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, தாக்குப்பிடிக்கும் கிருமிகளுக்கு இடம் விட்டுக்கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டேகால் வருஷம் ஆகிவிட்டது. அதற்கு நடுவில் சளிக்கும் காய்ச்சலுக்கும் உங்கள் வீட்டில் மருந்துக்கடையில் 'செட்டு மாத்திரை' வாங்குவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செட்டுக்குள் பல சமயம் ஓர் ஆன்டிபயாடிக் இருக்கும், நீங்கள் வாங்கியதே தெரியாது. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தால் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்று பொருள். செஃபிக்ஸிம் மாதிரியானவை 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரர் அவற்றைச் சீட்டுப் பார்த்து, யாருக்கு விற்றோம் என்று பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். நம் பக்கம் எத்தனை கடைகளில் அந்தப் பதிவேடு திறக்கப்படுகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆக, பழியை ஒரு மருத்துவமனை மேல் மட்டும் வைக்காதீர்கள்.

ஒரு ஊசி ஏன் போதும்

இப்போது உங்கள் முதல் கேள்வி. மைனிக்கு நடந்தது கவனக்குறைவு இல்லை. சரியாகச் சொன்னால், அதுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் முறை.

சிசேரியனில் கிருமி உள்ளே போவது கத்தி வைக்கும் நேரத்திலும், வயிறு திறந்திருக்கும் அந்த முக்கால் மணி நேரத்திலும்தான். தோலில் இருக்கும் கிருமி, பிறப்புறுப்பில் இருக்கும் கிருமி இரண்டும் அப்போது வெட்டுப்பட்ட தசையில் ஒட்டுகின்றன. அந்த நேரத்தில் மருந்து தசைக்குள் ஏற்கெனவே நிறைந்திருக்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது இதற்குத்தான் பொருந்தும். ஆகவே கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் போன்ற மருந்து ஒரு தடவை, பெரும்பாலும் 2 கிராம், நரம்பில். இந்தத் தடுப்பு மருந்தால் சிசேரியனுக்குப் பின் வரும் தையல் தொற்றும் கர்ப்பப்பைத் தொற்றும் பாதிக்கு மேல் குறைகின்றன. ஏறத்தாழ 60 சதவீதம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. மகப்பேறு மருத்துவத்தில் இவ்வளவு உறுதியாக நிரூபணமான விஷயங்கள் அதிகமில்லை.

முன்பெல்லாம் தொப்புள்கொடியைக் கவ்விய பிறகுதான் இந்த ஊசியைப் போடுவார்கள். பிள்ளைக்கு மருந்து போகக்கூடாதே என்ற பயம். பிறகு ஒப்பிட்டுப் பார்த்ததில், வெட்டுமுன் போட்டால் தாய்க்குத் தொற்று இன்னும் குறைகிறது, பிள்ளைக்குக் கெடுதல் ஒன்றும் தெரியவில்லை என்று கண்டார்கள். பழக்கம் மட்டும் சில இடங்களில் மாறாமல் இருக்கிறது.

தையல் போட்டு முடித்தபின் நாள்கணக்கில் போடும் ஊசிகள் இந்தப் பலனோடு எதையும் கூட்டுவதில்லை. அறுவை முடிந்த பிறகு தடுப்பு மருந்தை நீட்டிக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016-இலேயே சொல்லிவிட்டது. உங்கள் சொந்த அனுபவமே சாட்சி: 10 நாள் மருந்து ஓடிக்கொண்டிருந்தபோதே எட்டாம் நாள் தையலில் நீர் கசிந்தது. தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்வதை எந்த ஆன்டிபயாடிக்கும் தடுக்காது. கட்டு மாற்றியதில் ஆறியது என்பதைப் பார்த்தால் அது சீழாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.

ராத்திரி முழுக்கப் பனிக்குடம் உடைந்து கிடந்ததே, அதற்காவது அதிக மருந்து வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வலி தொடங்கிய பிறகோ பனிக்குடம் உடைந்த பிறகோ செய்யும் சிசேரியனில் வழக்கமான ஊசியோடு அசித்ரோமைசின் ஒரு டோஸ் சேர்த்தால் தொற்று 12 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கியதாக 2016-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அங்கேயும் கூட்டியது மருந்தின் வகையைத்தான், அதையும் அறுவை நேரத்திலேயே. நாள் எண்ணிக்கையைக் கூட்டவில்லை.

பிறகு ஏன் இத்தனை இடங்களில் 5 நாள் போடுகிறார்கள்? மருத்துவர்களை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்கப்போவதில்லை. ஒரு தையல் பிரிந்துவிட்டால் "ஆன்டிபயாடிக்கே போடலையே" என்று சொந்தக்காரர்கள் வாசலில் நிற்பார்கள் என்ற பயம் உண்டு. கூட்டமான வார்டு, ஒரு நோயாளிக்கு நான்கு பார்வையாளர்கள், சித்திரை வெயில். போதாக்குறைக்கு, ஊசியை எண்ணிக் கவனிப்பை அளக்கும் பழக்கம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு ஊசி போட்டால் நல்ல ஆஸ்பத்திரி, போடாவிட்டால் அலட்சியம். உங்கள் வீட்டில் மைனியைப் பற்றிப் பேசியதும் அதே கணக்குத்தான்.

மருந்தைவிட அதிகம் காப்பாற்றும் காரியங்கள் யார் கண்ணுக்கும் தெரியாமல் நடக்கின்றன. கையைச் சரியாகக் கழுவுவது. வயிற்று முடியைச் சவரக்கத்தியால் மழிக்காமல் இருப்பது. சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும், எடுத்தே ஆகவேண்டுமென்றால் கிளிப்பரால் எடுப்போம். சாராயம் கலந்த குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்துக் காயவிடுவது. நஞ்சுக்கொடியைக் கையை உள்ளே விட்டுப் பிய்க்காமல், தொப்புள்கொடியை நிதானமாக இழுத்து எடுப்பது. உங்கள் பக்கம் செய்ய வேண்டியது, ரத்தசோகையையும் சர்க்கரையையும் இப்போதே சரிபார்த்துக்கொள்வது.

எப்போது ஒரு ஊசி போதாது

இதையும் எழுதாவிட்டால் என் பதிலில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு யாராவது வார்டில் சண்டைக்கு நிற்பார்கள்.

தடுப்பு வேறு, சிகிச்சை வேறு. வலியின்போதே காய்ச்சல் வந்து, பனிக்குட நீர் நாறி, கர்ப்பப்பைக்குள் தொற்று ஏற்பட்டுவிட்டது என்று மருத்துவர் கருதினால், அது சிகிச்சை. அதற்கு ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்து கொடுத்தே ஆகவேண்டும். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலும் அப்படித்தான். தையலில் சீழ் பிடித்தாலும் அப்படித்தான். அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ ரத்தம் மிக அதிகமாகப் போனாலோ அந்தத் தடுப்பு ஊசியை இன்னொரு தடவை போடுவோம். உங்கள் முதல் பிரசவத்தில் 5 நாள் போட்டது பழக்கத்தாலா, தொற்று இருந்ததாலா என்பது கேஸ் ஷீட்டைப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் கடிதத்தை வைத்து அந்த மருத்துவர் தவறு செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.

சுகப்பிரசவத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இந்தத் தடவை அதற்கு வாய்ப்பு இருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம் என்பதால். சிக்கலில்லாத சுகப்பிரசவத்துக்கு ஆன்டிபயாடிக் வழக்கமாகத் தேவையில்லை; சாதாரணமாகப் போடும் சிறு வெட்டுத் தையலுக்கும் தேவையில்லை. ஆசனவாய்த் தசைவரை கிழிந்துவிட்டால் வேண்டும். ஆயுதம் போட்டோ வேக்யூம் வைத்தோ எடுத்தால் ஒரு டோஸ் வேண்டும். நஞ்சைக் கையால் எடுக்க நேர்ந்தாலும் வேண்டும். ஏற்கெனவே சிசேரியன் ஆனவர் என்பதால் சுகப்பிரசவத்துக்கு முயன்றாலும் இரவு பகல் தியேட்டர், மயக்க மருத்துவர், ரத்தம் மூன்றும் தயாராக இருக்கும் இடத்தில்தான் முயல வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரியா, வசதியுள்ள தனியாரா என்பது உங்கள் விருப்பம். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

மருத்துவரிடம் எப்படிக் கேட்பது

மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று எழுதியிருக்கிறீர்கள். பிரசவ அறை வாசலில் நின்று கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். 34, 36 வாரச் செக்கப்பில் உட்கார்ந்து கேளுங்கள். இப்படிக் கேட்கலாம்: "டாக்டர், போன தடவை அஞ்சு நாள் ஊசி போட்டாங்க. இந்தத் தடவை ஆபரேஷனுக்கு முன்னால போடுற ஊசி மட்டும் போதுமா? அதுக்கு மேல போட வேண்டி வந்தா எதுக்காகன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க." இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை, மருத்துவர் காரணம் சொல்லவும் இடம் இருக்கிறது.

அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பிரசவ ஃபைலில் மேலாக வையுங்கள். இ.எஸ்.பி.எல். இருந்த காரணத்தாலேயே அறுவைக்கு முந்தைய ஊசியை மாற்ற வேண்டும் என்று பொதுவாக இல்லை. ஆனால் பின்னால் காய்ச்சல் வந்தால், எந்த மருந்தில் தொடங்குவது என்று தெரிந்துகொள்ள அந்தத் தாள் விலைமதிப்பில்லாதது. பிள்ளையைப் பார்க்கும் குழந்தை மருத்துவருக்கும் காட்டுங்கள். தாயின் குடலில் இருக்கும் கிருமிதான் பிள்ளைக்கு முதலில் போய்ச் சேரும் என்பதால், பிள்ளைக்கு ஏதாவது தொற்று வந்தால் அவருக்கும் அது உதவும். நோய்த்தடுப்பு குறைந்த குறைமாதப் பிள்ளைகள் படுத்திருக்கும் வார்டுகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் எவ்வளவு பெரிய தொல்லை என்பதை அங்கே வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால் தெரியும். தேவையில்லாத ஊசிகளை நான் எதிர்ப்பதற்கு உங்கள் தையலைவிட அந்தப் பிள்ளைகள்தான் பெரிய காரணம்.

உரிமை பற்றி: எந்த மருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்கவும், புரிந்தபின் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வெட்டுமுன் போடும் அந்த ஒரு ஊசியை மட்டும் மறுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பழைய கேஸ் ஷீட்டின் நகலையும் கேட்டு வாங்கலாம். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதே விதிகள் ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன, அதனால் இப்போதே கேட்டுவிடுங்கள். அதில் பார்க்க வேண்டியது மூன்று: முதல் ஊசி வெட்டுமுன்னா பின்னா, காய்ச்சல் குறிப்பு ஏதாவது இருக்கிறதா, எந்த மருந்துக்காவது ஒவ்வாமை வந்ததா.

வழக்குப் பற்றி உங்கள் கணவர் கேட்டதற்கு, நான் வழக்கறிஞர் இல்லை. நுகர்வோர் சட்டத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம் என்ற அளவுதான் எனக்குத் தெரியும். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள், பிள்ளை நலமாக இருக்கிறது. அதிக ஊசி போட்டார்கள் என்பதை வைத்துக்கொண்டு கோர்ட்டு வாசலில் நிற்க எட்டாம் மாதத்தில் உங்களுக்குத் தெம்பும் வேண்டாம், நேரமும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மாமியாருக்கு ஒரு வார்த்தை

ஊசி போட்டால் பால் கொடுக்கக் கூடாது என்ற பயத்தால் உங்கள் முதல் பிள்ளை சீம்பாலை இழந்தது. ஆன்டிபயாடிக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். செஃபசோலின், செஃப்ட்ரியாக்சோன், அமாக்சிசிலின் எல்லாம் மிகச் சிறிய அளவில்தான் பாலில் இறங்கும். பால் கொடுத்துக்கொண்டே போடலாம். மெட்ரோனிடசோலும் வழக்கமான அளவில் பால் கொடுப்பதற்குத் தடையில்லை. பிள்ளைக்குக் கொஞ்சம் வயிறு இளகலாம், வாயில் வெள்ளை படியலாம், காட்டினால் சரிசெய்துவிடலாம். இதை நீங்கள் சொன்னால் வீட்டில் எடுபடாது என்றால், இந்தப் பக்கத்தை அத்தையிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பத்தியம் பற்றியும் ஒன்று. உளுந்தங்களி, கருப்பட்டி, பூண்டுக் குழம்பு எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். "தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும்" என்று தாகத்துக்குக்கூடத் தண்ணீர் தராமல் வைக்கும் பழக்கத்தை மட்டும் இந்தத் தடவை ஏற்காதீர்கள். சிறுநீரில் கிருமி வந்த உடம்பு உங்களுடையது. தையலில் மஞ்சளோ சாம்பலோ பவுடரோ போடக்கூடாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் குளித்து, ஒற்றி எடுத்து உலரவிட்டால் போதும். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, தீட்டு நாறினாலோ, அடிவயிறு தொட்டால் வலித்தாலோ, தையல் சிவந்து சூடாக இருந்தாலோ செட்டு மாத்திரை வாங்காமல் பிரசவம் பார்த்த இடத்துக்கே போங்கள். ராத்திரியானால் 108. அரை டோஸ் ஆன்டிபயாடிக் காய்ச்சலை மட்டும் இரண்டு நாள் மறைத்து வைக்கும். கர்ப்பப்பையில் தொற்று உள்ளுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும்.

மைனியின் கிட்

அந்தக் கிட்டில் வழக்கமாக மூன்று மருந்துகள் இருக்கும்: ஃப்ளுகோனசோல், அசித்ரோமைசின், செக்னிடசோல். பூஞ்சை, பாக்டீரியா, ஒட்டுண்ணி எதுவாக இருந்தாலும் ஒன்றாவது படட்டும் என்று மூன்றையும் ஒரே வேளையில் விழுங்கச் சொல்வது. நிறமில்லாமல், நாற்றமில்லாமல், அரிப்பில்லாமல் மாதத்தின் நடுவில் படும் வெள்ளை நோயே இல்லை, மருந்தே வேண்டாம். தயிர்போலத் திரிந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு ஆன்டிபயாடிக் உதவாது, நல்ல கிருமிகளைக் கொன்று பூஞ்சையை அதிகமாக்கும். மாசத்துக்கு ஒரு கிட் போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சர்க்கரை பார்த்தாரா என்றும் கேளுங்கள். வெள்ளையோடு அடிவயிற்று வலியும் காய்ச்சலும் இருந்தால் கருக்குழாய்த் தொற்றாக இருக்கக்கூடும். அதற்கு ஒரு வேளைக் கிட் போதவே போதாது, 14 நாள் மருந்து வேண்டும், கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். எதுவானாலும் ஒரு தடவை மருத்துவர் உள்ளே பார்த்தே ஆகவேண்டும். வெட்கம் இருந்தால் பெண் மருத்துவராகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள்.

நீங்கள் அந்தக் கிட்டைத் தொடவே கூடாது. ஃப்ளுகோனசோலை வாய்வழியாகக் கர்ப்பத்தில் தவிர்ப்போம். உங்களுக்கு அரிப்பிருந்தால் உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரையை உங்கள் மருத்துவரே எழுதித் தருவார்.